பழைய இணைய அழைப்புச் செயலியை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் தொலைபேசி இணைப்பு இன்னும் தேவையா என்று சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, இணையவழி அழைப்புகளைப் பற்றிய கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். அம்மா பருத்தித்துறையில் தனியாக இருக்கிறார், வயது 81. காதும் சற்று மந்தம். கைத்தொலைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தொடுதிரை அவருக்குப் பழகவில்லை, அது அலுமாரிக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் வைபரில் பணம் போட்டு, அவருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கே பல ஆண்டுகளாக அழைத்து வருகிறேன். இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், வைபரை அழித்துவிடுங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அழித்துவிட வேண்டாம். உங்கள் பிள்ளைகள் சொல்வது அவர்களுடைய தேவைக்குச் சரி. உங்களுடைய தேவை வேறு.

இணைய அழைப்பு என்று நாம் ஒரே பெயரால் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு வேறு சேவைகள். ஒரு செயலியிலிருந்து அதே செயலியை வைத்திருக்கும் இன்னொருவருக்குப் பேசுவது முதல் வகை. அதில் தொலைபேசி நிறுவனம் எதுவும் குறுக்கே வருவதில்லை. இரு பக்கமும் இணையத்துக்குச் செலுத்தும் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடுகிறது. செயலியிலிருந்து ஒரு சாதாரணத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது இரண்டாவது வகை. அங்கே உங்கள் குரல் இணையத்தின் வழியே ஓரிடம் வரை சென்று, பிறகு தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைந்து, ஊரிலுள்ள இணைப்பகத்தைக் கடந்து, அம்மாவின் வீட்டில் மணியடிக்கிறது. அந்தக் கடைசிப் பகுதிக்காக உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று உங்களிடம் வாங்குவதன் பெரும்பகுதி அதுதான். இந்தியாவுக்கு அழைப்பதைவிட இலங்கைக்கு அழைப்பது செலவு கூடியதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வைபர் 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஐபோனுக்கான செயலியாக வெளிவந்தது. சாதாரண எண்களுக்கு அழைக்கும் வைபர் அவுட் வசதி 2013ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்தது. 2014 பிப்ரவரியில் ஜப்பானின் ராகுட்டன் நிறுவனம் அதை 90 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பே இல்லை. அது 2015இல்தான் பரவலாக வந்தது. இலங்கையில் வைபர் வேரூன்றியதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிறகு கூட்டம் வாட்ஸ்அப் பக்கம் போய்விட்டது உண்மைதான். ஆனால் சாதாரண எண்ணுக்கு அழைக்கும் வசதியை வாட்ஸ்அப் கொடுக்கவில்லை. உங்கள் அம்மாவை நீங்கள் எட்டுவது அந்த ஒரு வசதியின் வழியாக மட்டுமே. ஆகவே ஒரு பழைய சேவையை மதிப்பிடும்போது அதில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, இணையம் இல்லாத ஒரு தொலைபேசியை அது எட்டுகிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

இலங்கையைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், அரசு சமூக ஊடகங்களோடு வைபரையும் வாட்ஸ்அப்பையும் தற்காலிகமாகத் தடுத்தது. ஊரிலிருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று தெரியாமல் வெளிநாட்டில் பதறிக்கொண்டிருந்த குடும்பங்கள் எத்தனையோ. அத்தகைய தடை ஊரிலிருப்பவருடைய செயலியை முடக்குமே தவிர, வெளிநாட்டிலிருந்து அவருடைய சாதாரண எண்ணுக்கு வரும் அழைப்பை முடக்காது. ஏனென்றால் அந்த அழைப்பு அவரை வந்தடைவது தொலைபேசி வலையமைப்பின் வழியாக. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களையும் நினைத்துப் பாருங்கள். பழைய செம்புக் கம்பியில் வரும் வீட்டுத் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வருகிறது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது மணியடிக்கும். அம்மாவின் இணைப்பு ஒளியிழைக்கு (ஃபைபர்) மாற்றப்பட்டிருந்தால் இந்த நன்மை போய்விடும். அங்கே சுவரிலுள்ள கருவிக்கும் மின்சாரம் வேண்டும். எந்த வகை இணைப்பு என்று அடுத்த முறை ஊருக்குப் போகும் உறவினரிடம் பார்த்துவரச் சொல்லுங்கள். ஒளியிழையாக இருந்தால் அதற்கொரு சிறிய மின்கல அமைப்பு வாங்கிக் கொடுப்பது, புதிய கைத்தொலைபேசி வாங்கிக் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு.

காது மந்தம் என்று எழுதியிருப்பதால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தொலைபேசி வழக்கமாக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. ஸகர, ஷகர ஒலிகளைத் தெளிவாக்கும் மேல்சுருதிகள் அதில் வெட்டுப்பட்டுவிடுகின்றன. செயலிக்குச் செயலி பேசும்போது அதைவிட அகன்ற ஒலி கிடைக்கும். முதியவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. எனவே அன்றாட நலம் விசாரிப்பதற்கு வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் தன் கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் அம்மாவின் முன் வைத்து, உங்கள் முகத்தையும் காட்டிப் பேசவைக்க முடியுமானால் அதையும் ஏற்பாடு செய்யுங்கள். வாயசைவு தெரிந்தால் பாதி கேட்டதற்குச் சமம்.

பணம் போடும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு எண்ணுக்கும் கைத்தொலைபேசி எண்ணுக்கும் கட்டணம் வேறாக இருக்கலாம். நொடிக்கணக்கா, நிமிடத்துக்கு உயர்த்திக் கணக்கிடுவார்களா என்பது சேவைக்குச் சேவை மாறும். பல நாட்கள் பயன்படுத்தாத பணம் காலாவதியாகுமா என்பதை விதிகளில் படித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டணத்தை உங்கள் கனடா தொலைபேசி நிறுவனம் கொடுக்கும் வெளிநாட்டு அழைப்புத் திட்டத்தோடு ஆண்டுக்கொரு முறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கைக்கான நிமிடங்கள் அந்தத் திட்டத்தில் மலிவாகக் கிடைத்தால், அப்போது வைபரை விட்டுவிடுவதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் சியாட்டிலில் இருக்கிறாள். 2009 முதல் மேசைக் கணினியில் ஸ்கைப் வழியாகத்தான் பேசி வந்தோம். அது இப்போது திறக்க மறுக்கிறது. சரிசெய்ய வழி உண்டா? கணக்கில் கொஞ்சம் பணமும் இருந்தது.

பதில்: ஐயா, உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. ஸ்கைப் சேவையையே மைக்ரோசாஃப்ட் 2025 மே 5ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கான அறிவிப்பு அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று வெளியானது. மீண்டும் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தச் செய்தியை எழுதும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃபிரீஸ் ஆகிய இருவரும் எஸ்டோனிய நிரலாளர்களோடு சேர்ந்து 2003 ஆகஸ்டில் அதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் இணையத்தில் பேச மென்பொருள்கள் இருந்தன. ஆனால் வீட்டு வழிப்படுத்திகளையும் (ரவுட்டர்) அலுவலகத் தடுப்புகளையும் தாண்டி, எந்த அமைப்பையும் மாற்றாமல் தானாக இணைந்துகொண்ட மென்பொருளாகப் பொதுமக்களிடம் சென்று சேர்ந்தது ஸ்கைப்தான். தொடக்கத்தில் அதற்குப் பெரிய மையக் கணினிக்கூடம் கிடையாது. பயன்படுத்துவோருடைய கணினிகளே ஒன்றுக்கொன்று அழைப்பைக் கடத்தின. நல்ல இணைப்புள்ள சில கணினிகள் மற்றவற்றுக்கு இடைநிலையமாக நின்றன. 2010 டிசம்பரில் அந்த இடைநிலையங்கள் பெருமளவில் செயலிழந்தபோது உலகெங்கும் சேவை நின்றது. 2005இல் ஈபே நிறுவனமும், 2011இல் 850 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டும் அதை வாங்கின. கைப்பேசிகள் பெருகியபோது, ஓயாமல் மற்றவர்களுடைய அழைப்பைக் கடத்திக்கொண்டிருக்கும் முறை மின்கலத்துக்குச் சுமையானதால், சேவை படிப்படியாக நிறுவனத்தின் சொந்தக் கணினிக்கூடங்களுக்கு மாற்றப்பட்டது. அதற்குள் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்ட செயலிகள் வந்துவிட்டன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஸ்கைப் அவற்றின் எளிமைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

உங்கள் பழைய உரையாடல்களையும் தொடர்புகளையும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலிக்கு எடுத்துச்செல்லவும், பதிவிறக்கிக்கொள்ளவும் 2026 ஜனவரி வரை காலம் தரப்பட்டிருந்தது. அதே ஸ்கைப் கணக்கைக் கொண்டு டீம்ஸ் செயலிக்குள் நுழைந்து பாருங்கள். பணம் மீதம் வைத்திருந்தவர்கள் சாதாரண எண்களுக்கு அழைப்பதற்காக அங்கே ஓர் எண்பலகையைத் தொடர்ந்து கொடுப்பதாக நிறுவனம் அறிவித்திருந்தது. புதிதாகப் பணம் போடும் வசதியை நிறுத்திவிட்டது. மீதத்தை எதிர்பார்த்துப் பெரிய திட்டம் எதுவும் போட வேண்டாம்.

நீங்கள் இழந்தது ஸ்கைப் என்ற பெயரை அல்ல, மேசைமேல் அசையாமல் நிற்கும் பெரிய திரையை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவது முதியவர்களுக்குக் கடினம். கை நடுங்கினால் எதிரில் இருப்பவருக்கு முகமே தெரிவதில்லை. கணினியின் முன் கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து, இரண்டு கையும் ஓய்வாக இருக்க, பேரக்குழந்தை வரைந்த படத்தைப் பார்த்தபடி பேசுவதில் ஒரு நிறைவு உண்டு. அதை இழக்கவே தேவையில்லை. வாட்ஸ்அப்பைக் கணினியில் நிறுவினால், 2021 முதல் அதிலேயே காணொளி அழைப்பு இருக்கிறது. மகள் ஏற்கெனவே வைத்திருக்கும் செயலி எதுவோ அதையே உங்கள் கணினியிலும் போடச் சொல்லுங்கள். இருக்கிறவற்றில் சிறந்தது எது என்று தேடுவதைவிட இது மேல். டீம்ஸின் கட்டணமில்லாப் பதிப்பும் போதுமானதுதான், ஆனால் அலுவலகக் கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட அதன் அமைப்பு வீட்டுப் பேச்சுக்குச் சற்று அந்நியமாகத் தோன்றும். ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்ய வேண்டாம்: ஸ்கைப் மீண்டும் வேலை செய்யும் என்று சொல்லிப் பதிவிறக்கம் தரும் இணையதளங்கள் எதையும் திறக்காதீர்கள். மூடப்பட்ட ஒரு சேவைக்குப் புதிய பதிப்பு இருக்க முடியாது.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். இத்தகைய செயலிகளில் பணம் போட்டு, சென்னையிலுள்ள என் அண்ணனின் சாதாரணக் கைப்பேசி எண்ணுக்கு அழைக்க முடியுமா?

பதில்: வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணுக்கும், இந்தியாவிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்கும் அழைக்கலாம். இந்தியாவுக்குள்ளிருந்தபடி இந்திய எண்ணுக்கு அழைப்பதுதான் சிக்கல். 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசியை நம் நாடு அனுமதித்தபோதே உள்நாட்டுத் தொலைபேசி எண்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. ஸ்கைப்பும் 2014 நவம்பர் 10 முதல் இந்தியாவுக்குள்ளான அத்தகைய அழைப்புகளை நிறுத்திக்கொண்டது. 2018இல், உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இணையவழியாக உள்நாட்டு எண்களுக்கு அழைக்கும் சேவையைத் தரலாம் என்று விதி தெளிவாக்கப்பட்டது. எப்படியிருந்தாலும், மாதத் திட்டத்திலேயே அளவில்லாமல் பேசும் வசதி கிடைக்கும் இந்த நாட்டில், கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பேச நீங்கள் தனியாகப் பணம் போட வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: அபுதாபியில் ஓட்டுநராக வேலை செய்கிறேன். ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்கிறார்கள், இங்கே அழைப்பு இணைவதில்லை. உடன் தங்கியிருப்பவர்கள் விபிஎன் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: போட வேண்டாம், தம்பி. விபிஎன் என்பது நம் இணைய முகவரியை மறைத்து, வேறோரிடத்திலிருந்து இணைவதுபோலக் காட்டும் மென்பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைய அழைப்புக்கு அரசின் ஒப்புதல் பெற்ற செயலிகளை மட்டுமே பயன்படுத்தலாம். போட்டிம் என்ற செயலி அவற்றுள் ஒன்று. வாட்ஸ்அப்பில் செய்தி எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். அழைப்பு மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கும் குற்றத்தை மறைப்பதற்கும் அந்நாட்டுச் சட்டம் 5 லட்சம் திர்ஹாம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கிறது. உங்கள் அழைப்பு அந்த வரையறைக்குள் வருமா வராதா என்று வாதாடும் நிலையில் உங்களை நிறுத்திப் பார்க்க நான் விரும்பவில்லை. ஒப்புதல் பெற்ற செயலி ஒன்றை ஊரிலுள்ள மனைவியின் கைப்பேசியிலும் நிறுவச் செய்யுங்கள். இணையம் சரியில்லாத நாட்களுக்கு உங்கள் சிம்மிலேயே இந்திய நிமிடங்கள் கொண்ட திட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் வசிக்கும் 67 வயதுப் பெண்மணி நான். என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, காவல்துறை உடையில் ஒருவர் காணொளியில் வந்தார். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று மிரட்டினார். மகன் வந்து பறித்து அணைத்துவிட்டான். இந்தச் செயலிகளையே வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லதா?

பதில்: அம்மா, உங்கள் மகன் செய்தது சரி. "டிஜிட்டல் கைது" என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. எந்தக் காவல் அதிகாரியும் காணொளியில் ஒருவரைக் கைதுசெய்து நாள்முழுக்கத் திரையின் முன் உட்காரவைப்பதில்லை. வழக்கிலிருந்து விடுவிக்கப் பணம் அனுப்பச் சொல்வதும் இல்லை. ஸ்கைப் இருந்த காலத்தில் இந்த மோசடிக்காரர்கள் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கைப் கணக்குகளை முடக்கியதாக மத்திய உள்துறை அமைச்சகம் 2024 மே மாதம் தெரிவித்தது. ஸ்கைப் போனபின் அவர்கள் வேறு செயலிகளுக்கு மாறிக்கொள்வார்கள். எனவே செயலியை அழிப்பதால் ஆபத்து போகாது. உறவினரோடு பேசும் வழிதான் போகும்.

உங்கள் செயலியின் அமைப்பில், தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களின் அழைப்பு ஒலிக்காமல் இருக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் அந்த வசதி உண்டு. பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். போகாவிட்டாலும் உங்களை மிரட்டியவர் அழைத்த எண்ணைக் குறித்துவைத்து, மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்துவையுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதையொட்டி ஒரு செய்தி. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் இந்திய எண் தெரிந்தால் அதைப் போலியென்று கண்டு தடுக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. செயலியில் பழைய இந்திய எண்ணைப் பதிந்துவைத்து, அதையே காட்டி ஊருக்கு அழைப்பவர்களுடைய அழைப்பு இணையாமல் போகலாம். இருக்கும் நாட்டின் எண்ணையே பதிந்துகொண்டு, அதைப் பெற்றோரின் தொலைபேசியில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள். பெயரில்லாமல் வரும் வெளிநாட்டு எண்ணை எடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் நாமே சொல்லி வைத்திருக்கிறோம் அல்லவா?

கேள்வி: மதுரையிலிருந்து நியூயார்க்கிலுள்ள தம்பியோடு எந்தச் செயலியில் பேசினாலும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேச்சு விழுகிறது. பழைய செயலியில் இவ்வளவு மோசமில்லை என்று தோன்றுகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: செயலியை மாற்றுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். கடலடிக் கம்பியின் வளைவுகளையும் சேர்த்தால் ஒருவழிப் பயணத்துக்கே நொடியில் பத்திலொரு பங்கு ஆகிவிடலாம். உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 0.15 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆக, தொலைவுக்கே பெரும்பகுதி செலவாகிவிட, மீதம் கொஞ்சந்தான். அதை வீணாக்குவது பெரும்பாலும் வீட்டு வைஃபை. சமிக்ஞை தளர்ந்தால் குரல் துண்டுகள் முன்பின்னாக வந்துசேரும். அவற்றை வரிசைப்படுத்த செயலி சற்றே காத்திருந்து ஒலிக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் நீங்கள் தாமதமாக உணர்கிறீர்கள்.

வழிப்படுத்திக்கு அருகில் அமர்ந்து பேசிப் பாருங்கள். வீட்டில் வேறொருவர் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள். புளூடூத் ஒலிப்பானும் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். கம்பி வைத்த காதொலிப்பான் மேல். அப்படியும் சரியாகாவிட்டால் காணொளியை அணைத்துக் குரலில் மட்டும் ஐந்து நிமிடம் பேசுங்கள். குரல் தெளிந்தால் குறை உங்கள் இணைப்பின் கொள்ளளவில். எந்தச் செயலிக்கு மாறினாலும் அது அப்படியேதான் இருக்கும். குரலும் தெளியவில்லை என்றால் மட்டும், அதே இடத்தில் அமர்ந்து அந்தப் பழைய செயலியில் ஒருமுறை அழைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.